செங்கெனித் நிலக்கரிச் சுரங்க வெடிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1913-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி காலை எட்டு மணி கடந்த சில நிமிடங்களில், தெற்கு வேல்ஸின் செங்கெனித் என்ற சிற்றூரில் இருந்த யுனிவர்சல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரிட்டனின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சுரங்கச் சாவு இன்றுவரை நிகழவில்லை. அந்தச் சுரங்கத்தையும் அதை நம்பி எழுந்த ஊரையும் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

செங்கெனித் எங்கே இருக்கிறது? அது எப்படி ஓர் ஊராயிற்று?

கார்டிஃப் துறைமுக நகரத்துக்கு வடக்கே கார்ஃபிலி என்ற பழைய கோட்டை நகரம் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், அபெர் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் செங்கெனித் அமைந்துள்ளது. 1890 வரை அங்கே ஆடு மேய்க்கும் குன்றுகளும் சிதறிக் கிடந்த சில பண்ணை வீடுகளும்தான் இருந்தன. 1891-இல் சுரங்கத்துக்காகக் குழி தோண்டத் தொடங்கினார்கள். 1894-இல் இரயில் பாதை வந்தது. 1896-இல் முதல் நிலக்கரி மேலே வந்தது. சுரங்கம் திறந்த சில ஆண்டுகளுக்குள் பல ஆயிரம் பேர் குடியேறிவிட்டார்கள். மலைச்சரிவில் வரிசை வரிசையாக ஒட்டுவீடுகள் எழுந்தன; கடைத்தெரு, பள்ளி, மதுக்கூடங்கள், தேவாலயங்கள் எல்லாம் அவற்றோடு சேர்ந்தே வந்தன.

ஊர் இருந்து அதற்குச் சுரங்கம் வரவில்லை. சுரங்கத்துக்காகவே ஊர் உண்டாயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும். சுரங்கத்தை விட்டால் அந்தப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் வேறு பெரிய பிழைப்பு எதுவும் கிடையாது. அது பாதுகாப்பற்றது என்று தெரிந்தாலும் மறுநாள் காலை இறங்கித்தான் ஆக வேண்டும்.

அந்த நிலக்கரிக்கு அவ்வளவு தேவை ஏன் இருந்தது?

தெற்கு வேல்ஸின் நிலக்கரியில் ஒரு வகை, அதிக வெப்பம் தந்து குறைந்த புகையோடு எரியும். நீராவிக் கப்பல்களுக்கு அதுவே மிகச் சிறந்தது என்று பிரிட்டிஷ் கடற்படை கருதியது. உலகெங்கும் இருந்த வணிகக் கப்பல்களும் அதைத் தேடி வாங்கின. கார்டிஃப், பாரி துறைமுகங்கள் அந்த வாணிபத்தால்தான் பெருத்தன. 1913-இல் மட்டும் தெற்கு வேல்ஸ் சுரங்கங்கள் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் டன் நிலக்கரியை வெட்டி எடுத்தன. அந்த வேலையில் இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் ஈடுபட்டிருந்தார்கள். அந்த நிலக்கரி வயலின் வரலாற்றில் உற்பத்தி உச்சத்தைத் தொட்ட ஆண்டு அதுதான். உச்ச உற்பத்தியும் உச்சச் சாவும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வெட்டி எடுக்கும் வேகம் கூடிய அளவுக்குத் தூசை அகற்றுவதும் காற்றை அளப்பதும் கூடவில்லை.

யுனிவர்சல் சுரங்கம் யாருடையது? அதன் அமைப்பு எப்படி இருந்தது?

சுரங்கத்தின் உரிமை, மெர்த்திர் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாமஸ் லூயிஸின் நிறுவனக் குழுமத்திடம் இருந்தது. தெற்கு வேல்ஸ் சுரங்க முதலாளிகளில் மிகவும் செல்வாக்குப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

லங்காஸ்டர், யார்க் என்று இரண்டு செங்குத்துக் குழிகள் இருந்தன. இரண்டும் ஏறத்தாழ 1,950 அடி ஆழம். லங்காஸ்டர் குழி வழியாக நல்ல காற்று கீழே இறங்கும். அது சுரங்கப் பாதைகள் முழுவதும் சுற்றி, வாயுவையும் வெப்பத்தையும் சுமந்துகொண்டு, மேலே இருந்த பெரிய விசிறியின் இழுப்பால் யார்க் குழி வழியாக வெளியேறும். கீழே கிழக்கு, மேற்கு என இரு பெரும் பிரிவுகள். மேற்குப் பிரிவின் பகுதிகளுக்கு லேடிஸ்மித், கிம்பர்லி, மஃபேகிங், பிரிட்டோரியா என்று பெயர் வைத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின் செய்திகளில் அடிபட்ட ஊர்ப் பெயர்கள் அவை. அந்தப் பகுதிகள் வெட்டப்பட்ட காலம் எது என்பதை அந்தப் பெயர்களே காட்டிவிடுகின்றன.

நிலக்கரிச் சுரங்கம் ஏன் வெடிக்கிறது?

நிலக்கரிப் படிவத்துக்குள் மீத்தேன் வாயு அடைபட்டிருக்கும். வெட்டும்போதும், கூரைப் பாறை இடிந்து விழும்போதும் அது வெளியேறும். மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் அது ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். வேலை தொடங்கும் முன் வாயுச் சோதனைக்கென்று அமர்த்தப்பட்டவர்கள் பாதுகாப்பு விளக்கோடு ஒவ்வொரு பாதையாகச் செல்வார்கள். திரியைத் தாழ்த்தி, விளக்கைக் கூரையருகே மெல்ல உயர்த்தினால், மீத்தேன் இருக்கும் இடத்தில் சுடரின்மேல் வெளிறிய நீலநிறத்தில் ஒரு தொப்பி போன்ற ஒளி தோன்றும். அதன் உயரத்தைக் கொண்டு எத்தனை விழுக்காடு வாயு இருக்கிறது என்று கணிப்பார்கள். பல நூறு பேரின் உயிர் அந்தக் கண்ணின் கூர்மையை நம்பி இருந்தது.

மீத்தேன் மட்டும் வெடித்தால் சேதம் பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிடும். அதைச் சுரங்கம் முழுவதற்கும் கொண்டு செல்வது நிலக்கரித் தூசு. விளிம்புக்கு மேல் குவித்து ஏற்றப்பட்ட கரித் தொட்டிகள் தண்டவாளத்தில் ஓடும்போது, எதிரே வரும் காற்று மேலிருக்கும் தூசை வாரிக்கொண்டு போகும். அந்தத் தூசு பாதையின் பக்கச் சுவர்களிலும், கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களின் மேற்புறத்திலும், அவற்றின் இடுக்குகளிலும் படியும். எங்கோ சிறிதாக மீத்தேன் வெடித்தால், அதன் அதிர்ச்சி அலை முன்னே ஓடித் தூசை எழுப்பும். பின்னால் வரும் சுடர் அந்தத் தூசைப் பற்றவைக்கும். அது மீண்டும் ஓர் அலையை உண்டாக்கும். இப்படியே தூசு இருக்கும் இடமெல்லாம் நெருப்பு ஓடும்.

வெடிப்புக்குப் பின் எஞ்சும் காற்றில் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருக்கும். அது இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். வெடிப்புகளில் நெருப்பையும் அடியையும்விட இந்த நச்சுக்காற்றே அதிகம் பேரைக் கொல்கிறது என்று ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் 1896-இலேயே தம் அறிக்கையில் காட்டியிருந்தார். மீட்புக் குழுவினர் கூண்டில் கனாரிக் குருவியை எடுத்துச் செல்லும் வழக்கம் அவருடைய ஆய்வுகளின் பயனே. மனிதருக்கு முன்பே குருவி தளர்ந்து விழும். உடனே பின்வாங்க அவகாசம் கிடைக்கும்.

1913-க்கு முன்பும் அங்கே வெடிப்பு நடந்ததா?

நடந்தது. 1901 மே 24-ஆம் தேதி அதிகாலை ஐந்து மணி அளவில், இரவுப் பணி முடிந்து பெரும்பாலானோர் மேலே வந்துவிட்ட நேரத்தில், இதே சுரங்கம் வெடித்தது. கீழே எஞ்சியிருந்த 82 பேரில் 81 பேர் இறந்தார்கள். குதிரைகளைப் பராமரித்த ஒருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார். ஒரு மணி நேரம் முன்போ பின்போ நடந்திருந்தால் சாவு பல மடங்காகியிருக்கும்.

வெடிப்பைப் பரப்பியது நிலக்கரித் தூசுதான் என்று அப்போதே அறிக்கை வந்தது. பாதைகளில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இருந்தும், தரை நனைந்ததே தவிரக் கூரையும் சுவர்களும் உலர்ந்தே இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த இரண்டாம் அறிக்கையும் சுவரிலும் கூரையிலும் இருந்த தூசைப் பற்றித்தான் பேசியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு வயிறு எரியும்.

அதன் பிறகு வேறு எச்சரிக்கைகள் கிடைத்தனவா?

மூன்றைக் குறிப்பிட வேண்டும். முதலாவது சுரங்கத்துக்குள்ளேயே வந்தது. 1910-இல் மஃபேகிங் பகுதியில் கூரை பெரிதாக இடிந்து, அடைபட்டிருந்த வாயு பெருமளவில் வெளியேறியதால் தொழிலாளர்களை வெளியேற்ற நேர்ந்தது. இடிபாடு எவ்வளவு வாயுவைத் திறந்துவிடும் என்பதை நிர்வாகம் நேரில் கண்டிருந்தது.

இரண்டாவது, பக்கத்திலேயே உள்ள பெட்வாஸ் சுரங்கத்தில் 1912-இல் நடந்த வெடிப்பு. மின்மணிக் கம்பியிலிருந்து எழுந்த பொறியே அதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. அந்த மணி இயங்கிய விதம் எளிமையானது. கரித் தொட்டிகளை இழுக்கும் பொறியை ஓட்டுபவருக்குச் சைகை தருவதற்காகப் பாதை நெடுகிலும் உறையில்லாத இரண்டு கம்பிகளைக் கட்டியிருப்பார்கள். ஏதேனும் ஓர் உலோகத் துண்டால் இரண்டையும் தொடுவித்தால் மறுமுனையில் மணி ஒலிக்கும். தொடும்போதும் விடும்போதும் பொறி பறக்கும். யுனிவர்சல் சுரங்கத்திலும் இதே வகை மணிகள்தாம் இருந்தன.

மூன்றாவது சட்டம். 1911-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கச் சட்டம், தரை, கூரை, சுவர் ஆகிய மூன்றிலும் தூசை முறையாக அகற்ற வேண்டும் என்றது. காற்றின் நிலையை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. காற்றோட்டத் திசையைத் தேவைப்பட்டால் திருப்பக்கூடிய விசிறி அமைப்பு 1913 ஜனவரி 1-ஆம் தேதிக்குள் இருக்க வேண்டும் என்றது. யுனிவர்சல் நிர்வாகம் இந்தக் கடைசி வேலைக்குக் கூடுதல் அவகாசம் கேட்டுச் செப்டம்பர் வரை பெற்றது. செப்டம்பரும் கடந்தது. அக்டோபர் 14 அன்று வேலை முடியாமலே கிடந்தது.

1913 அக்டோபர் 14 அன்று என்னதான் நடந்தது?

அன்று செவ்வாய்க்கிழமை. அதிகாலையில் வாயுச் சோதனை செய்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். பின் ஐந்து மணிக்கு மேல் தொடங்கி ஆறு மணிக்குள் பகல் பணியினர் ஏறத்தாழ 950 பேர் கூண்டுகளில் கீழே இறங்கினார்கள். எட்டு மணி கடந்ததும் வெடிப்பு. லங்காஸ்டர் குழியின் கூண்டு மேல்நோக்கித் தூக்கி எறியப்பட்டுக் குழிக்கு மேலிருந்த இரும்புச் சட்டகத்தில் மோதியது. குழி வாயில் மேடையில் நின்றிருந்த பணியாளர் அங்கேயே இறந்தார்.

மேலாளர் எட்வர்ட் ஷா, மேற்பார்வையாளர் ஒருவருடன் யார்க் குழி வழியாகத் தாமே இறங்கினார். கிழக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வெடிப்பின் பாதையில் சிக்கவில்லை. அவர்கள் ஏறத்தாழ அனைவரும் மேலே கொண்டுவரப்பட்டார்கள். மேற்கே நிலைமை வேறு. லங்காஸ்டர் குழியின் அடியிலிருந்து உள்ளே செல்லும் முதன்மைப் பாதையே தீப்பிடித்து எரிந்தது. அந்த நெருப்புக்கு அப்பால் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். தீயைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்த மீட்புக் குழுவினர், முதல் நாள் இரவைக் கடந்து, 18 பேரை உயிரோடு கண்டெடுத்தார்கள். அந்தச் செய்தி ஊர் முழுவதும் பரவி, இன்னும் பலர் இருப்பார்கள் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது. ஆனால் மேற்குப் பிரிவில் அவர்களுக்குப் பிறகு எவரும் உயிரோடு வரவில்லை.

மீட்புப் பணி ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது?

தண்ணீர் இல்லை என்பதே தலையாய காரணம். நிலத்துக்கடியில் பெருந்தீ எழுந்தால் அணைக்கத் தேவையான நீர் வசதி அந்தச் சுரங்கத்தில் செய்யப்படவே இல்லை. கையால் இயக்கும் தீயணைப்பான்களைக் கொண்டும், மெல்லிய குழாயில் வந்த நீரைக் கொண்டும் தொடக்கத்தில் போராடினார்கள். ஆபத்தான வாயுவுக்குப் பேர்போன ஒரு சுரங்கத்தில் தீயணைப்பு நீருக்குப் போதிய ஏற்பாடு இல்லாதது விசாரணை அறிக்கையில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது.

நச்சுக்காற்றில் நுழையத் தேவையான சுவாசக் கருவிகளும் அங்கே இல்லை. ரோண்டா பள்ளத்தாக்கில் இருந்த போர்த் மீட்பு நிலையத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அவை வர வேண்டியிருந்தது. அவற்றை வரவழைக்க ஆள் அனுப்புவதிலேயே தாமதம் ஏற்பட்டது. இதனிடையே கூரை இடிந்துகொண்டே இருந்தது. மீட்புக்குச் சென்ற ஒருவர் பாறை விழுந்து இறந்தார். இறந்தோர் எண்ணிக்கை சில இடங்களில் 439 என்றும் சில இடங்களில் 440 என்றும் எழுதப்படுவதற்கு இதுவே காரணம். வெடிப்பில் இறந்தவர்கள் 439, அவரையும் சேர்த்தால் 440.

தீயை வெல்ல முடியாது என்று தெரிந்தபின், மணல் மூட்டைகளால் பாதையை அடைத்து அதைச் சுருக்க வேண்டியதாயிற்று. உடல்களை வெளியே எடுப்பது நவம்பர் வரை நீண்டது. பல உடல்களைச் சட்டையையும் காலணியையும் பையில் இருந்த பொருள்களையும் கொண்டுதான் அடையாளம் கண்டார்கள். சிலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை.

விசிறியைத் திருப்பும் வசதி இருந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்குமா?

இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தீ எரிந்த இடம் நல்ல காற்று உள்ளே நுழையும் வாசல். விசிறி வழக்கம்போல இழுத்துக்கொண்டே இருந்ததால், அந்தத் தீயின் புகையும் கார்பன் மோனாக்சைடும் அதே காற்றோட்டத்தில் ஏறி, உள்ளே உயிரோடு இருந்திருக்கக்கூடியவர்களை நோக்கியே சென்றன. விசிறியை நிறுத்தினால் மீத்தேன் தேங்கி மீண்டும் வெடிக்கலாம். ஓட்டினால் நஞ்சு உள்ளே போகும். மூன்றாவது வழி காற்றின் திசையைத் திருப்பிப் புகையை லங்காஸ்டர் குழி வழியாகவே வெளியே இழுப்பது. சட்டம் கேட்டது இந்த மூன்றாவது வழியைத்தான்.

திருப்பியிருந்தால் உள்ளே தேங்கிய வாயு தீயை நோக்கி வந்திருக்கும், அது வேறோர் ஆபத்து என்று வாதிட்டவர்கள் உண்டு. வெடித்த சில நிமிடங்களிலேயே பலர் இறந்துபோயிருக்கக்கூடும் என்பதும் உண்மை. ஆகவே இத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கை சொல்வது நேர்மையாகாது. ஆனால் 18 பேர் பல மணி நேரம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்றால், வேறு சிலரும் சில மணி நேரமாவது மூச்சோடு இருந்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. திருப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பே அன்று எவருக்கும் இருக்கவில்லை. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகப் பெரிய குற்றம் இது.

ஊருக்கும் குடும்பங்களுக்கும் நேர்ந்தது என்ன?

205 பெண்கள் கணவரை இழந்தார்கள். 542 பிள்ளைகள் தந்தையை இழந்தார்கள். இறந்தவர்களில் 60 பேர் இருபது வயதுகூட நிரம்பாதவர்கள். அவர்களில் எட்டுப் பேருக்கு வயது 14. நிலத்தடி வேலைக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச வயதே அப்போது 14தான். அதுவும் 1911 சட்டத்தால்தான் 13-லிருந்து உயர்த்தப்பட்டிருந்தது.

கமர்ஷியல் தெரு என்ற ஒரே தெருவில் 45 பேர் இறந்தார்கள். ஹை தெருவில் 35 பேர். தந்தையும் மகனும் ஒரே பகுதியில் வேலை பார்ப்பதும், வேலை தேடி வடக்கு வேல்ஸிலிருந்தும் மேற்கு வேல்ஸிலிருந்தும் வந்த இளைஞர்கள் அதே வீட்டில் வாடகைக்குத் தங்கி அவர்களுடனேயே இறங்குவதும் அங்கே வழக்கமாக இருந்ததால், சில வீடுகளில் வேலைக்குப் போன ஆண்கள் அனைவரும் ஒரே காலையில் இல்லாமல் போனார்கள். ஒரு தேவாலயத்தின் ஆண் உறுப்பினர்களில் அறுபது விழுக்காட்டினர் இறந்தார்கள். ஊர் வேல்ஷ் மொழி பேசிய ஊர்; இரங்கல் வழிபாடுகளில் எழுந்த பாடல்களும் அந்த மொழியிலேயே இருந்தன. பென்ரியோல் கல்லறைத் தோட்டத்திலும் எக்லுவிசிலான் தேவாலய வளாகத்திலும் பலர் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

உதவி நிதி பெருமளவில் திரண்டது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் 500 பவுண்டு கொடுத்தார். வெடிப்புக்கு மறுநாள் லண்டனில் நடந்த அரச குடும்பத் திருமணத்தின் பரிசுப்பொருள்களை மக்கள் பார்வைக்கு வைத்து, அந்தக் கட்டணத்தையும் நிதியில் சேர்த்தார்கள். இவற்றைவிட என் மனத்தில் நிற்பது, தாங்களும் அதே ஆபத்தில் அன்றாடம் இறங்கிக்கொண்டிருந்த பிற சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த காசு.

அரசு விசாரணை யாருடைய தலைமையில் நடந்தது? என்ன கண்டறிந்தார்கள்?

தலைமைச் சுரங்க ஆய்வாளர் ரிச்சர்ட் ரெட்மெய்ன் தலைமை வகித்தார். முதலாளிகள் சங்கத்தின் சார்பில் எவன் வில்லியம்ஸும், தொழிலாளர் கூட்டமைப்பின் சார்பில் ராபர்ட் ஸ்மைலியும் உடன் அமர்ந்தார்கள். 1914-இன் தொடக்கத்தில் கார்டிஃபில் நடந்த அமர்வுகளில் சாட்சிகளிடம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்கப்பட்டன.

பொறி எங்கே விழுந்தது என்பதில் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. மஃபேகிங் பகுதியில் கூரை இடிந்து மீத்தேன் வெளியேறியிருக்கலாம், மின்மணிக் கம்பியின் பொறி அதைப் பற்றவைத்திருக்கலாம் என்ற கருத்துக்கே ரெட்மெய்ன் சாய்ந்தார். அணைந்த விளக்குகளை மீண்டும் ஏற்றிய நிலையத்தின் சுடரே காரணம் என்ற கருத்தும் எழுந்தது. ஆனால் சட்ட மீறல்களைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. சுவரிலும் கூரையிலும் தூசு அகற்றப்படவில்லை. காற்றை அளந்த பதிவுகள் முறையாக இல்லை. விசிறித் திருப்பம் இல்லை. தீயணைப்பு நீர் இல்லை.

தண்டனை கிடைத்ததா?

மேலாளர்மீது 17 குற்றச்சாட்டுகளும் நிறுவனத்தின்மீது 4 குற்றச்சாட்டுகளும் தொடரப்பட்டன. மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. நிறுவனம் முதலில் விடுவிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் பின் அதற்கு 10 பவுண்டும் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன.

24 பவுண்டை இறந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, சுரங்கத் தொழிலாளியின் உயிர் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் ஒன்றேகால் பென்ஸ் என்று அந்நாளிலேயே பத்திரிகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற பழைய கணக்கில் வகுத்துப் பாருங்கள். தலைக்கு 13 பென்ஸ் சொச்சம்தான் வரும். அந்தக் கணக்கை இன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் சொல்கிறார்கள்.

மேலாளர் ஒருவரைக் குற்றம் சொல்வது சரியா?

சரியாகாது என்றே கருதுகிறேன். எட்வர்ட் ஷா தம் உயிரைப் பொருட்படுத்தாமல் முதலில் இறங்கினார், நாள்கணக்கில் மீட்புப் பணியில் நின்றார். அதே மனிதர்தாம் தூசைச் சுவரிலிருந்து அகற்றாமலும் அளவுகளைப் பதியாமலும் விட்டவர். இரண்டும் உண்மை. ஆனால் விசிறிக்கும் நீர்க்குழாய்க்கும் சுவாசக் கருவிக்கும் பணம் ஒதுக்குவது மேலாளர் தனியாக எடுக்கும் முடிவல்ல. நீதிமன்றமோ அவருக்குக் கூடுதலாகவும் உரிமையாளருக்குக் குறைவாகவும் அபராதம் விதித்தது. சட்டத்தை எழுதிவிட்டுக் கெடுவையும் தளர்த்திக் கொடுத்து, கெடு தாண்டிய பின்னும் சுரங்கத்தை இயங்கவிட்ட அரசுக்கும் இதில் பங்குண்டு.

இந்த வெடிப்பால் எந்த மாற்றமும் வரவில்லையா?

வந்தது, மெதுவாக. மின்மணிப் பொறி மீத்தேனைப் பற்றவைக்குமா என்று வீலர், தார்ன்டன் என்ற ஆய்வாளர்கள் தொடர்ந்து சோதனைகள் செய்தார்கள். ஒரு மின்சுற்றின் ஆற்றலை, அது தரும் பொறி வாயுவைப் பற்றவைக்க முடியாத அளவுக்குக் குறைத்து வடிவமைக்கலாம் என்ற கொள்கை அவற்றிலிருந்தே வளர்ந்தது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வேதித் தொழிற்சாலைகளிலும் உலகெங்கும் பயன்படும் பொறியாபத்தற்ற மின்கருவிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. சுரங்கப் பாதைகளில் சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவி, நிலக்கரித் தூசு எரியாதபடி செய்யும் முறையும் பின்னர் கட்டாயமாயிற்று.

வெடிப்புக்குப் பின் சுரங்கம் மூடப்பட்டதா?

இல்லை. நவம்பர் இறுதியிலேயே மீண்டும் வேலை தொடங்கியது. வேறு வழியில்லாத ஊர் அது. 1914-இல் உலகப் போர் வந்தபின் நாட்டின் கவனம் வேறு சாவுகளுக்குத் திரும்பியது. 1928-இல் யுனிவர்சல் சுரங்கம் மூடப்பட்டது. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் ஊர் கடும் வேலையின்மையைச் சந்தித்தது. பள்ளத்தாக்கில் சற்றுக் கீழே அபெர்ட்ரிடூரில் இருந்த விண்ட்சர் சுரங்கம் 1986 வரை இயங்கியது. செங்கெனித்துக்கான பயணிகள் இரயில் 1964-இல் நின்றுபோனது.

உலகிலேயே பெரிய நிலக்கரிச் சுரங்கச் சாவு இதுதானா?

அல்ல. 1942-இல் ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் இருந்த சீனாவின் பென்சிஹு சுரங்கத்தில் 1,549 பேரும், 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேரும் இறந்தார்கள். வேல்ஸுக்குள்ளேயே 1894-இல் கில்வினித் ஊரின் அல்பியன் சுரங்கத்தில் 290 பேர் இறந்தார்கள். அந்த ஊரும் செங்கெனித்துக்கு அருகில்தான். 144 பேரைப் பலிகொண்ட 1966-ஆம் ஆண்டு அபெர்வான் பேரிடரைப் பலர் இதனுடன் குழப்பிக்கொள்கிறார்கள். அது சுரங்க வெடிப்பன்று. நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளியை மூடியதால் நேர்ந்தது.

இன்று செங்கெனித்தில் என்ன பார்க்கலாம்?

சுரங்கக் கட்டடங்கள் இப்போது இல்லை. 1981-இல் பழைய சுரங்க நிலத்தருகே உள்ள தொடக்கப் பள்ளிக்கு வெளியே முதல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. நூற்றாண்டு நாளான 2013 அக்டோபர் 14 அன்று வேல்ஸின் தேசிய நிலக்கரிச் சுரங்க நினைவுச்சின்னம் அங்கேயே திறந்துவைக்கப்பட்டது. மீட்புப் பணியாளர் ஒருவர், காயமுற்ற தொழிலாளியைத் தாங்கிப் பிடித்து நடத்தி வருவதாக அமைந்த வெண்கலச் சிலை அது. அதைச் சுற்றிய தோட்டத்தில், இரு வெடிப்புகளிலும் இறந்தவர்களின் பெயர்கள் சுவரில் பதிக்கப்பட்டுள்ளன; வேல்ஸின் பிற சுரங்கப் பேரிடர்களும் நடைபாதையில் தனித்தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. அபெர் பள்ளத்தாக்கு மரபு அருங்காட்சியகமும் ஊரில் இருக்கிறது. உள்ளூர் மக்களே நடத்துவது. தங்கள் குடும்பத்தில் யாரேனும் அங்கே வேலை செய்தார்களா என்று தேடி வருபவர்களுக்கு அவர்களால் பெரிதும் உதவ முடியும்.